கேபினெட்டுக்குள் பாலை: ஆயிரம் ரூபாய்க்குள் எந்த கம்ப்யூட்டர் ஃபேன்?

"ஆயிரத்துக்கு மேல ஒரு சக்கறம் தரமாட்டேன், கேட்டியா?" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. எங்கள் பக்கத்து வயசாளிகள் வாயில் காசுக்குப் பெயர் இன்னும் சக்கறம்தான். அக்காவுக்கு அவ்வளவு வயசில்லை. அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அக்கா மகன் முட்டத்தில், வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். பங்குனி பிறந்ததும் போன் வந்தது. "மாமா, கம்ப்யூட்டர் ஆட்டுரல்ல மாவாட்டுத மாதிரி சத்தம் போடுது. எடிட் முடிச்ச வீடியோவ ஃபைலா எடுக்க எக்ஸ்போர்ட் குடுத்தா பாதி வழியில படுத்துக்கிடுது. புது ஃபேன் போடணும்னு கடையில சொல்லுதாவ. எதை வாங்க?"

கடையில் அவனுக்குக் காட்டியது கலர் லைட் எரியும் மூன்று ஃபேன் செட். அவன் மனசும் அதில்தான். நான் தக்கலையிலிருந்து திங்கள்சந்தை வழியாக பஸ் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரும் பெயிண்ட் பிரஷும் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அங்கே பார்த்தது, அளந்தது, பிறகு ஒரு வாரம் விசாரித்தது எல்லாம் கலந்த கணக்கு இது. இதே விலைக்குள் ஃபேன் தேடுகிறவர்களுக்கு உதவும்.

நெய்தல், மருதம், முல்லை, குறிஞ்சி என நாலு நிலமும் எங்கள் மாவட்டத்தில் உண்டு, பாலை மட்டும்தான் இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். அந்த ஐந்தாவது நிலத்தை நான் கண்டது மருமகன் கம்ப்யூட்டர் பெட்டியின், அதாவது கேபினெட்டின், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபோது. உள்ளிருந்து முகத்தில் அடித்தது அனல். சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட்சிங்க் தகடுகளின் இடைவெளி தெரியாத அளவுக்குக் கம்பளி விரித்ததுபோல் தூசி. மூலையில் இரண்டு பல்லி முட்டை.

மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: ரைசன் 5 5600 சிபியு, அதன் அட்டைப்பெட்டியிலேயே வந்த சின்ன கூலர், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட கேபினெட். கண்ணாடிக்கு இரண்டு ஓரத்திலும் விரல் நுழையாத கீற்று; அது வழியாகத்தான் காற்று உள்ளே வர வேண்டும். முன்னால் ஃபேன் மாட்ட இடம் இருக்கிறது, ஃபேன் இல்லை. பின்னால் கேபினெட்டோடு வந்த 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. ஆட்டுரல் அதுதான்.

முதலில் காசில்லாத ஒரு சோதனை

ஃபேன் வாங்குவதா, கூலரை மாற்றுவதா, ஒன்றும் வாங்காமல் துடைத்து வைப்பதா என்று முடிவெடுக்க எந்தக் கருவியும் வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை இருபது நிமிஷம் ஓட விட்டு, சிபியு வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே வேலையை மறுபடி ஓட விடுங்கள்.

தகடு இல்லாதபோது வெப்பம் நன்றாக இறங்கினால் பெட்டி மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அதற்கு கேபினெட் ஃபேன் மருந்து. இறங்கவே இல்லை என்றால் கோளாறு சிபியு கூலரிலோ அதன் அடியில் சூட்டைக் கடத்தத் தடவிக் காய்ந்துபோன பேஸ்டிலோ இருக்கிறது. அப்போது கேபினெட்டுக்கு எத்தனை ஃபேன் மாட்டினாலும் தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான்.

மருமகன் மிஷினில் அறை வெப்பம் 31 டிகிரி. தகடு மூடியிருந்தபோது சிபியு 90-ஐத் தொட்டது. 5600-க்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பே 90 டிகிரிதான். அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் பாதி வழியில் படுத்துக்கொண்டதன் ரகசியம் அதுதான். தகட்டைக் கழற்றியதும் 82. ஆக எட்டு டிகிரி பெட்டியின் குற்றம்.

பிறகு தூசியெல்லாம் பிரஷால் தட்டி, கூலரைக் கழற்றிப் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதியது வைத்து, தகட்டை மூடி ஓட்டினேன். 85. பிறகு முன்பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டினேன். 82. இதுவரை செலவு பேஸ்டுக்கு மட்டும். "மாமா, லுக்கு போச்சே" என்று மருமகன் முகம் சுருங்கியது. அழகுக்காக வைத்த கண்ணாடி மூன்று டிகிரி தின்றுகொண்டிருந்தது என்பதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டதால் அதற்கு மேல் வாதாடவில்லை.

இங்கே ஒரு விஷயம். வெளிநாட்டுக்காரர்கள் ஃபேன் சோதித்துப் போடும் எண்களை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் அறை 21, 22 டிகிரி. நம் மாடி அறை 31, 32. எந்த ஃபேனும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. ஆகவே அவர்கள் 70 என்று காட்டினால் நமக்கு 80 என்று வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, புழுக்கம். நமக்கு வியர்வை காயாததால் புழுங்குகிறது, சிப்புக்கு வியர்க்காது. ஈரக்காற்றும் காய்ந்த காற்றும் அதற்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஈரம் வந்து சேர்வது பேரிங்கிலும் ஸ்க்ரூவிலும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

எத்தனை ஃபேன் வேண்டும்?

காற்றைத் தள்ளும் அளவை சிஎஃப்எம் என்பார்கள். நிமிஷத்துக்கு எத்தனை கன அடி என்று கணக்கு. பெட்டிக்குள் நுழைந்த காற்று வெளியே போகும்போது எத்தனை டிகிரி சூடேறியிருக்கும் என்பதற்கு எளிய வழி உண்டு: பெட்டிக்குள் உண்டாகும் வெப்பத்தை வாட்டில் எடுத்து, சிஎஃப்எம்மால் வகுத்து, 1.8-ஆல் பெருக்கினால் போதும்.

மருமகன் மிஷினில் சிபியு 76 வாட் வரை இழுக்கும், கார்டு 75 வாட், போர்டு, டிஸ்க், பவர் சப்ளை வீணாக்குவது எல்லாம் சேர்த்து 200 என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வழியாக உண்மையில் 20 சிஎஃப்எம் காற்று போனால் 18 டிகிரி ஏற்றம். 40 போனால் 9. 80 போனால் நாலரை. முதல் நல்ல ஃபேன் ஒன்பது டிகிரி மிச்சம் பிடித்துத் தந்தால், அதற்கு மேல் காற்றை இரண்டு மடங்காக்க நீங்கள் போடும் காசெல்லாம் நாலரைக்குத்தான். அதையும் தாண்டினால் இரண்டு, ஒன்று என்று தேய்ந்துபோகும். 200 வாட் மிஷினுக்கு மூன்று ஃபேன் செட் என்பது ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று தலைச்சுமை ஆள் பிடிப்பது போல. பெரிய கார்டு போட்டு 400, 500 வாட் இழுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் பட்ஜெட்டும் வேறு.

ஃபேன் வரும் அட்டைமேல் அச்சிட்டிருக்கும் சிஎஃப்எம்மை நம்பிவிடவும் கூடாது. அது எதிரில் ஒன்றுமே இல்லாத திறந்த வெளியில் அளந்தது. வலை, கண்ணாடி, ஒயர் எல்லாவற்றையும் மீறித் தள்ளும் வலுவுக்குத் தனி எண் உண்டு. ஸ்டாட்டிக் பிரஷர் என்று மில்லிமீட்டர் நீர் கணக்கில் போடுவார்கள். அதுவோ காற்று போகவே முடியாமல் அடைத்து வைத்து அளந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உங்கள் கேபினெட்டில் உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை இடுக்கில் நெருக்கிக்கொண்டு வரும் காற்று வேகமெடுத்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறதே, கேபினெட்டின் கீற்று வழியாகவும் அப்படி வராதா என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் அங்கே பின்னால் நின்று தள்ளுவது ஒரு முழுப் பருவக்காற்று. இங்கே பின்னால் இருப்பது ரெண்டு வாட் மோட்டார்.

பேரிங்: பேரம் பேசக்கூடாத இடம்

நான் பார்த்தவரை இந்த விலையில் ஃபேன்களுக்கிடையே குளிர்விப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. 120 மில்லிமீட்டர் அளவில் ஏழு இறக்கையோ ஒன்பது இறக்கையோ, ஒரே வேகத்தில் சுற்றினால் ஓரிரு டிகிரிக்குள் நிற்கும். வித்தியாசம் நடுவில், ஸ்டிக்கருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

மலிவு ஃபேனில் ஸ்லீவ் பேரிங். எண்ணெய் ஊறிய உலோகக் குழலுக்குள் தண்டு சுற்றும், அவ்வளவுதான். புதிதில் சத்தமே இருக்காது. கடைக்காரர் காதருகே பிடித்துக் காட்டினால் அசந்துபோவோம். நாள்பட எண்ணெய் வற்றும். சூடு கூடக்கூட வேகமாக வற்றும். கேபினெட்டின் மேல்பக்கம் படுக்கையாக மாட்டினால் இன்னும் சீக்கிரம் தேயும், ஏனென்றால் ஸ்லீவ் பேரிங் நின்ற நிலையில் சுற்றுவதற்கானது. வற்றிய பிறகு தண்டு குழலை உரச ஆரம்பிக்கும். மாவாட்டும் சத்தம் அப்படித்தான் பிறக்கிறது.

அதே ஸ்லீவில் எண்ணெய் சுழன்று வரும்படி திருகு வரி வெட்டியது ரைஃபிள் பேரிங். கூலர் மாஸ்டரின் சிக்கிள்ஃப்ளோ போன்றவற்றில் இருப்பது. எண்ணெயைக் கூடுதலாகத் தேக்கி அடைத்தது ஹைட்ராலிக். எண்ணெய்ப் படலத்தின் அழுத்தத்திலேயே தண்டு மிதந்தபடி சுற்றும்படி செய்து, வாயை மூடியது ஃப்ளூயிட் டைனமிக், சுருக்கமாக எஃப்டிபி. பால் பேரிங் தனி ஜாதி: சூடு தாங்கும், எப்படி மாட்டினாலும் சுற்றும், ஆனால் பிறவியிலேயே கொஞ்சம் முணுமுணுக்கும்.

முட்டம் மாதிரி கடலோரத்தில் இதற்கெல்லாம் தனி அர்த்தம் வருகிறது. ஆனி, ஆடியில் கடலிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். மருமகன் கேபினெட்டில் நாலு ஸ்க்ரூவில் இரண்டு துருவேறித் தலை தேய்ந்து, குறடு போட்டுத்தான் கழற்றினேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தூசியோடு சேர்ந்தால் ஹீட்சிங்கிலும் போர்டிலும் பசைபோல் ஒட்டும். அந்தக் காற்றை நாளெல்லாம் இழுக்கும் ஃபேனில் எண்ணெய் வெளியே கசியாததும் வெளிக்காற்று உள்ளே நுழையாததுமான பேரிங் இருப்பது ஆடம்பரமில்லை. அடைத்த எஃப்டிபி-க்கு என் முதல் ஓட்டு அதனால்தான்.

ஃபேன் அட்டையில் "ஆயுள் 40,000 மணி நேரம்" என்று போட்டிருப்பார்கள். தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் பதினொரு வருஷம் ஆகிறது என்று கணக்குப் போட்டு சந்தோஷப்பட வேண்டாம். சோதனைச்சாலையில் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் வைத்துக் கணக்கிட்ட சராசரி அது, உங்கள் ஃபேனுக்குக் கொடுத்த வாக்கல்ல. வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள். கம்பெனிக்குத் தன் பேரிங்மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது அங்கேதான் தெரியும். பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இனி ஒவ்வொன்றாக

டேபிள் ஃபேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு வீட்டு ஃபேனைத் திருப்பி வைப்பது. எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. குளிர்விக்கும், பொய்யில்லை. ஆனால் 2 வாட் ஃபேன் செய்கிற வேலைக்கு 50 வாட் ஃபேன். அதோடு வடிகட்டி இல்லாமல் அத்தனை தூசியும் உப்பும் நேராக போர்டின்மேல். ஒரு நாள் அவசரத்துக்குச் சரி.

பழைய ஃபேனுக்கு எண்ணெய். ஸ்டிக்கரை உரித்து இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும். சில வாரம், அதிர்ஷ்டமிருந்தால் சில மாதம். உரசித் தேய்ந்த குழல் திரும்ப வளராது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். மீன் பொரிக்க, தலைக்குத் தேய்க்க, கதவுக் கீலுக்கு விட என்று எல்லாவற்றுக்கும் அதே குப்பியை நீட்டுகிற ஊர் இது. ஃபேனுக்குள் போனால் நாளாவட்டத்தில் பிசுக்காகித் தூசியோடு கட்டிப்போகும். அக்கா குப்பியோடு வந்து நின்றாள் என்பதால் சொல்கிறேன்.

பெயரில்லாத 250 ரூபாய் ஃபேன். என்னிடம் பழைய ஸ்டாக்கில் ஒன்று இருந்தது, சோதிக்கக் கொண்டுபோயிருந்தேன். முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் மாட்டி ஓட்டியதில் சிபியு 79. குளிர்விப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் ஒயரில் இருப்பது மோலக்ஸ் பிளக், பவர் சப்ளையிலிருந்து நேராக 12 வோல்ட். கம்ப்யூட்டர் சும்மா கிடந்தாலும் முழு வேகம், எக்ஸ்போர்ட் ஓடினாலும் முழு வேகம். பாட்டுக்கு ஏற்ப வெட்டி ஒட்டுகிறவன் காதுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க அந்த இரைச்சல். எந்த பேரிங் என்றும் அட்டையில் இல்லை. இல்லையென்றால் ஸ்லீவ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கலர் செட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் முதலில் காட்டுவது இதைத்தான். மூன்று ஃபேன், ஒரு ரிமோட், ஒரு சின்னப் பெட்டி. ஃபேன்களின் பிளக் ஆறு பின் கொண்டது. அந்தப் பெட்டியில்தான் பொருந்தும், மதர்போர்டில் பொருந்தாது. ஒரு ஃபேன் போனால் அதே பிளக் உள்ள இன்னொன்றைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். பெட்டி போனால் மூன்றும் போச்சு. பல செட்களில் வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தைத் தானாக மாற்றவும் வழியில்லை, ரிமோட்டில்தான். போர்டில் நேரடியாக மாட்டும் வகையானால் இன்னொரு கண்ணி: ஏஆர்ஜிபி விளக்குக்கு 5 வோல்ட், பழைய ஆர்ஜிபி விளக்குக்கு 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12-இல் செருகினால் ஒரு நொடியில் கார்த்திகை முடிந்துவிடும். விளக்கு பிடித்தால் விளக்குக்காக வாங்குங்கள், அது தப்பில்லை. குளிர்ச்சிக்கென்று வாங்காதீர்கள். ஒரே விலையை மூன்றால் வகுத்தால் ஒரு பேரிங்குக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்.

விளக்கில்லாத நாலு பின் ஃபேன் ஒன்று. ஆர்க்டிக் பி12, தெர்மல்ரைட் டிஎல்-சி12சி இரண்டும் இந்த வரிசையில் என் கண்ணில் பட்டவை. முதலாவதன் உச்ச வேகம் நிமிஷத்துக்கு 1,800 சுற்று, 56.3 சிஎஃப்எம், ஸ்டாட்டிக் பிரஷர் 2.2 மில்லிமீட்டர். இரண்டாவது 1,550 சுற்று, 66.17 சிஎஃப்எம், 1.53 மில்லிமீட்டர். எண்களே கதை சொல்கின்றன: முன்பக்கம் நல்ல வலை போட்ட திறந்த கேபினெட் என்றால் தெர்மல்ரைட் தாராளம். கண்ணாடி, நெருக்கமான வடிகட்டி என்று ஏதாவது குறுக்கே நின்றால் ஆர்க்டிக்கின் தள்ளும் வலு உதவும். இரண்டிலும் எஃப்டிபி வகை பேரிங். நாலாவது பின் வழியாக மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிடபிள்யூஎம் என்பது அதுதான். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் மின்சாரம் எட்டில் ஒன்றாகும், சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். மெதுவாகச் சுற்ற முடிவதே இந்த ஃபேனின் பாதி மதிப்பு. பி12-க்கு 1,000 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஒரு முனகல் உண்டு என்று பயன்படுத்தியவர்கள் பலர் சொல்கிறார்கள்; மதர்போர்டின் செட்டிங் பக்கமான பயாஸில் அந்த வேகத்தைத் தாண்டிப்போகும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது.

நாக்டுவா. ஆஸ்திரியா கம்பெனி, ஆறு வருஷ வாரண்டி. அவர்களின் மலிவு வரிசையான ரீடக்ஸே அக்காவின் ஆயிரத்தைத் தாண்டுகிறது. காசிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இல்லாதபோது அதைப் பற்றிப் பேசி என்ன.

சிபியு கூலரையே மாற்றுவது. டீப்கூல் ஏகே400 மாதிரி நாலு குழாய் வைத்த டவர் கூலர் போட்டால் சிபியு வெப்பம் ஃபேன் மாற்றுவதைவிட நன்றாகவே இறங்கும். தகட்டைக் கழற்றியும் வெப்பம் இறங்காதவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் அதன் உயரம் 155 மில்லிமீட்டர். ஒல்லிக் கேபினெட்டில் தகடு மூடாது, அளந்துவிட்டு வாங்குங்கள். விலையும் இரண்டாயிரத்தை ஒட்டி. பெட்டியே மூச்சு முட்டும்போது உள்ளே பெரிய கூலர் வைப்பது சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கிளறிவிடுவதுதான். மருமகனுக்கு இது அடுத்த வருஷத்துக்கு.

ஒரே ஃபேன், எங்கே?

ஆர்க்டிக் பி12 ஒன்று வாங்கினேன், 740 ரூபாய். முன்னாலா பின்னாலா என்பதில்தான் யோசனை. பின்னால் மாட்டி வெளியே இழுத்தால் பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து, ஒயர் நுழையும் பொந்து, கார்டு செருகும் இடுக்கு என்று கிடைத்த வழியிலெல்லாம் காற்று தூசியோடு உள்ளே வரும். முன்னால் மாட்டி உள்ளே தள்ளினால் வரும் வழி ஒன்றே. அந்த ஒரு வழியில் வலை கட்டினால் போதும். மற்ற பொந்துகள் வழியாகச் சூடு தானாக வெளியேறும்.

வலைக்கு மெனக்கெடவில்லை. கண்ணாடி இருந்த இடத்தில் கொசுவலைத் துண்டு, இரட்டைப் பக்க டேப்பில். இருபது ரூபாய். நெருக்கமான வலை என்றால் வடிகட்டும், காற்றையும் கொஞ்சம் தடுக்கும். அதற்கும் சேர்த்துத்தான் தள்ளும் வலு கூடிய ஃபேன். ஆட்டுரலைக் கழற்றி எறிந்துவிட்டு பின் பக்க ஓட்டையைச் சும்மா திறந்து விட்டேன்.

மாட்டும்போது திசை. ஃபேன் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறி இருக்கும், ஒன்று சுற்றும் திசைக்கு, மற்றது காற்று போகும் திசைக்கு. அம்பு இல்லையென்றால் மோட்டாரைத் தாங்கும் கைகள் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சந்தேகமிருந்தால் ஊதுபத்தி கொளுத்திப் பிடியுங்கள். சர்வீஸ் செய்தவர் திருப்பி மாட்டியதால் இரண்டு ஃபேனும் முட்டிக்கொண்டு நின்ற கேபினெட் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். நாலு பின் ஃபேனுக்கு பயாஸில் பிடபிள்யூஎம், மூன்று பின் ஃபேனுக்கு டிசி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றி வைத்தால் மூன்று பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் கத்தும்.

கொசுவலை சகிதம் மூடி, அதே எக்ஸ்போர்ட், அதே இருபது நிமிஷம். ஃபேன் 1,200 சுற்றில், சிபியு 79. பெயரில்லாத 250 ரூபாய் ஃபேன் காட்டிய அதே எண்! மருமகன் என்னைப் பார்த்த பார்வையில் மீதி 490 ரூபாய் தெரிந்தது. எக்ஸ்போர்ட் முடிந்தது, ஃபேன் 600-க்கு இறங்கியது, ஜன்னலுக்கு வெளியே அலைச்சத்தம் கேட்டது. "கொள்ளாம், நல்லாருக்கு" என்றான்.

முட்டத்துக்குச் சொன்னது மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு என்றால் உப்புப் பிரச்சினை இல்லை, ஆனால் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும், பூச்சியும் வண்டும் வெளிச்சம் கண்ட இடத்தில் அடையும். அங்கே கலர் லைட் ஃபேன் வைப்பது விருந்துக்கு அழைப்பு அனுப்புவது. பேரிங்கைவிட வலை முக்கியம்; தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுவது அதைவிட முக்கியம், சும்மா கிடக்கும் மிஷினில்தான் ஈரம் தங்கும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றோடு வரும் மண்ணுக்குக் கொசுவலையை மாதம் ஒருமுறை கழற்றி அலச வேண்டியிருக்கும். நாகர்கோவில் நகரத்துக்குள், தரைத்தள அறையில், டைப்பிங்கும் பில்லிங்கும் மட்டும் என்றால் ஃபேனே வாங்க வேண்டாம். பிரஷ் எடுங்கள்.

கணக்கு: ஃபேன் 740, பேஸ்ட் 180, கொசுவலை 20. மீதி 60 ரூபாயை அக்கா கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும்போது மருமகனிடம், கச்சான் தொடங்கினால் கடலைப் பார்த்த ஜன்னலை மூடி வைக்கச் சொன்னேன். உப்பு உள்ளே வராமலிருந்தால் எந்த ஃபேனும் ஆயுள் கூடி நிற்கும்.

"அது சரி மாமா. அதுக்குக் காத்து குடுத்தாச்சு. ஜன்னலை அடைச்சா எனக்கு?"

அக்கா அதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.